நோயாளியைக் கேளுங்கள்!

தைராய்டுக்குப் பின்னே, பெரும்பாலோர்க்கு நான்காக, அரிசி மணியளவில் பாராதைராய்டு சுரப்பிகள் உள்ளன. தைராய்டு அறுவையில் இவை பழுதுபட்டால் குருதியில் கால்சியம் குறையும். விட்டமின் டியைச் சிறுநீரகம் செயல்படும் ஹார்மோனாக மாற்றுவதும் தளரும். கால்சியமும் கால்சிட்ரியாலும் கொடுத்துக் கணக்கைச் சரிக்கட்டுகிறோம். சோதனைத்தாள் ‘நலம்’ என்கிறது. நோயாளியோ, ‘களைப்புத் தீரவில்லை, நினைவு தடுமாறுகிறது’ என்கிறார். யாரை நம்புவது?

நோயாளியைத்தான் என்பேன். எண்களோடு உறவாடும் விஞ்ஞான மாணவனுக்கு இப்படிச் சொல்லக் கூச்சந்தான்! ஆயினும், 2024-இல் அமெரிக்கா இசைவளித்த பாலோபெக்டெரிபாராடைடு மருந்தின் ஆய்விலே நோயாளியின் அன்றாட அனுபவத்தையும் வினாத்தாள் கொண்டு அளந்தார்கள்.

அத்தகைய வினாக்களை இம்மாநிலத்தார்க்கு அவர்தம் மொழியிலும் நம்மவர்க்குத் தமிழிலும் கேட்க வேண்டும். ‘அசதி’ என்பாள் ஒருத்தி. ‘கைகாலெல்லாம் ஓய்ந்துபோச்சு’ என்பாள் மற்றொருத்தி. எதை எந்தக் கட்டத்தில் குறிப்பதென்று முதலில் அவர்களையே கேளுங்கள்.