முதலில் மைக்கை நகர்த்துங்கள்

எலக்ட்ரிக் கிட்டாரை வீட்டிலேயே பதிவு செய்யும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "அண்ணா, எந்த ப்ரீஆம்ப் வாங்கலாம்?" என்றுதான். எதையும் வாங்காதே என்பேன். முகம் வாடிப்போகும். ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும். 30,000, 40,000 என்று வீட்டுப் பணம் தேவையில்லாத பெட்டிக்குப் போகிறது.

மைக்கிலிருந்து வரும் மின் சமிக்ஞை மிக மெல்லியது. அதைப் பெருக்குவதுதான் ப்ரீஆம்பின் வேலை. தள்ளி உட்கார்ந்து மெதுவாகப் பாடும் குரலுக்கு நிறையப் பெருக்க வேண்டும். மட்டமான ப்ரீஆம்ப் என்றால் கூடவே இரைச்சலும் ஏறும். கிட்டார் ஆம்ப் அப்படியில்லை. ஸ்பீக்கர் துணியை ஒட்டி வைத்த மைக்கில் சத்தம் எளிதாக 100 டெசிபலைத் தொடும். ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக்குக்கு அங்கே 30, 40 டெசிபல் பெருக்கம் (கெயின்) போதும். மைக்கைக் கணினியோடு இணைக்க மேசையில் ஏற்கெனவே இருக்கும் இன்டர்ஃபேஸே அதைச் சுத்தமாகத் தந்துவிடும்.

எஸ்எம்57 வந்தது 1965இல். அமெரிக்க அதிபர்கள் பேசும் மேடையிலும் அதைப் பார்க்கலாம், ஸ்டூடியோவில் கிட்டார் ஆம்ப் முன்னாலும் பார்க்கலாம். 5,000 ஹெர்ட்ஸை ஒட்டி அது சற்றுத் தூக்கலாக ஒலிப்பதால், டிரம்ஸுக்கும் குரலுக்கும் நடுவே கிட்டார் அமுங்காமல் நிற்கிறது. நம் வீடுகளில் இன்னொரு வசதியும் உண்டு. கண்டன்சர் மைக்கைத் தள்ளி வைத்தால் ஃபேன் காற்று, தெருவில் போகும் ஆட்டோ எல்லாம் உள்ளே வந்துவிடும். ஆம்பை ஒட்டிய டைனமிக் மைக்கில் அவையெல்லாம் கிட்டாருக்கு அடியில் மறைந்துபோகும்.

இனிதான் உண்மையான வேலை. மைக்கை 12 அங்குல ஸ்பீக்கரின் நடுமையத்துக்கு நேரே வைத்தால் ஒலி கூர்மையாக, சில ஆம்ப்களில் காதைக் குத்துமளவுக்கு வரும். ஓரம் நோக்கி நகர்த்த நகர்த்தக் கூர்மை மழுங்கி, உருண்டு வரும். அரை அங்குலம் நகர்ந்தாலே வித்தியாசம் கேட்கும். துணியை நெருங்கினால் கீழ்ஸ்தாயி தடிக்கும். ஒரு சாண் பின்னால் இழுத்தால் இளைக்கும். நண்பரை வாசிக்கச் சொல்லி, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, மைக்கைக் கையில் பிடித்து மெல்ல நகர்த்திப் பாருங்கள். தனியாள் என்றால் ஒரே வரியை இடம் மாற்றி மாற்றிப் பதிந்து கேளுங்கள். ஒரு மாலைப்பொழுது போகும், போகட்டும்.

1970இல் வந்த நீவ் 1073 போன்ற ப்ரீஆம்ப்கள் ஒலிக்குத் தனி நிறம் தருவது உண்மைதான். ஆனால் அந்த நிறம் இந்த அரை அங்குலத்தின் முன் சிறியது. இரண்டாவது மைக்குக்கும் அவசரம் வேண்டாம். முதல் மைக்கைவிட 34 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் ஒலி அதற்கு ஒரு மில்லிசெகண்ட் தாமதமாகச் சேரும். இரண்டையும் கலக்கும்போது சில ஸ்வரங்கள் மெலிந்துபோகும்.

மிச்சமான பணத்தில் கனமான அடிப்பாகமுள்ள ஸ்டாண்ட் ஒன்று வாங்குங்கள். தேடிப் பிடித்த இடத்தைச் சாக்பீஸால் துணியில் குறித்துவிட்டால், அடுத்த வாரம் பாட்டின் மிச்சத்தை அதே ஒலியில் பதியலாம்.