நாலு பென்ஸ் இல்லாமல் போனதால்...

போன மாதம் ஹாஸ்டலில் ஒரே லேப்டாப் முன்னால் பத்துப் பேர் முண்டியடித்து 'ஃப்ரம் ஹெல்' (2001) படம் பார்த்தோம். 1888-ல் லண்டன் வைட்சேப்பல் பகுதியில் ஐந்து பெண்களைக் கொன்றதாகச் சொல்லப்படும் 'ஜாக் தி ரிப்பர்' கதை. துப்பறியும் இன்ஸ்பெக்டர் ஆபர்லைனாக ஜானி டெப். பனிமூட்டம், குதிரை வண்டி, இருட்டுச் சந்து... ஒருத்தனும் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை!

ஆனால் எனக்கு ஒரு குறை. படத்தில் கொலைகாரன் அரண்மனை டாக்டர் வில்லியம் கல். நிஜத்தில் அவருக்கு அப்போது வயது 71. முந்தின வருடம்தான் பக்கவாதம் வேறு வந்திருந்தது. உண்மைக் கொலைகாரன் பிடிபடவே இல்லை. படத்தில் அபின் மயக்கத்தில் செத்துப்போகும் ஆபர்லைன், நிஜத்தில் 1929 வரை வாழ்ந்தார்.

சரி, சினிமா என்றால் கொஞ்சம் ரீல் விடத்தான் செய்வார்கள். என் குறை அதுவல்ல. முதலில் கொல்லப்பட்ட மேரி ஆன் நிக்கல்ஸ் அந்த நடுராத்திரியில் ஏன் தெருவில் நின்றார்? விடுதியில் படுக்கைக்குக் கொடுக்க 4 பென்ஸ் இல்லை, வெளியே அனுப்பிவிட்டார்கள். எட்டு நாள் கழித்து ஆனி சாப்மன். அவரிடமும் படுக்கைக் காசு இல்லை, அவரையும் அனுப்பிவிட்டார்கள்.

கத்தி எடுத்தவனைத்தான் எல்லோரும் தேடுகிறோம். காசில்லை என்று கதவைச் சாத்தியதை யார் விசாரித்தார்கள்?

படம் பாருங்கள், தப்பில்லை. முடிந்ததும் செத்துப்போன அந்த ஐந்து பேரின் பெயரையும் சொல்லிப் பாருங்கள். எங்கள் பத்துப் பேரில் ஒருத்தனுக்கும் வரவில்லை. எனக்கும்தான்!