குட்டியின் குரலும் துப்பாக்கியும்

இரையைத் தேடி அலைபவன் வேட்டைக்காரன் என்பது நாம் அறிந்த செய்தி. இரையே அவனைத் தேடி ஓடி வரச் செய்யும் கருவியொன்று வட அமெரிக்காவின் வேட்டைப் பொருள் கடைகளில் பல்லாண்டுகளாக விற்பனையாகி வருகிறது. கையில் தூக்கிச் செல்லத்தக்க ஓர் ஒலிபெருக்கிப் பெட்டி. தொலைவிலிருந்து அதனை இயக்க ஒரு சிறு கருவி. பெட்டியினுள்ளே எத்தனையோ குரல்கள்: பிடிபட்ட முயலின் அலறல், மான்கன்றின் கதறல், மரங்கொத்தியின் பதற்றம், எலியின் கீச்சொலி, வேதனையில் வீறிடும் கொயோட்டிக் குட்டியின் ஓலம். ஓநாயினும் சிறியதாய், நம் நரியினும் சற்றுப் பெரியதாய், அக்கண்டத்தின் பெரும்பகுதியிலும் வாழும் ஊனுண்ணியே கொயோட்டி. அதனைச் சுட்டு வீழ்த்தவே இப்பெட்டிகள் பெரிதும் வாங்கப்படுகின்றன. நரியும், பாப்கேட் எனும் காட்டுப்பூனையும் இதே சூழ்ச்சிக்கு இரையாகின்றன.

கொல்வதற்கு ஆயிரம் வழிகள் இருக்க, கடல் கடந்த நாட்டின் இவ்வொன்றைப் பற்றி எழுதத்தான் வேண்டுமோ என வாசகர் வினவலாம். வேண்டும் என்றே கருதுகிறோம். புலால் உண்பதைப் பழிக்க நாம் வரவில்லை. வேட்டை முழுவதும் பாவம் என்று முழங்கவும் வரவில்லை. ஓர் உயிரின் துயரக்குரலைப் பொய்யாக எழுப்பி, அதற்குச் செவிசாய்த்து வரும் மற்றோர் உயிரைப் பொழுதுபோக்கிற்காகக் கொல்வது மனிதனுக்குத் தகுமா என்பதே நம் வினா. தகாது என்பதே நம் விடை.

இக்கலை பெட்டியுடன் பிறந்ததன்று. கையை உதட்டில் குவித்து முயல்போல் கத்தி நரியை அழைப்பது நாட்டுப்புறத்தார் பலர் அறிந்திருந்த வித்தை. டெக்சாஸ் மாநிலத்து மார்பிள் ஃபால்ஸ் ஊரினரான பர்ன்ஹாம் சகோதரர்கள் 1950களில் அதற்கான ஊதுகுழல்களை விற்று நாடெங்கும் பரப்பினர். அதே மாநிலத்தின் வேக்கோ நகரில் ஜானி ஸ்டுவர்ட் என்பார் விலங்குகளின் குரல்களைப் பதிவு செய்து 1960களில் இசைத்தட்டுகளாக விற்றார். இசைத்தட்டு பின்னர் ஒலிநாடாவாயிற்று. ஒலிநாடா இன்று மின்னணுப் பெட்டியாகிவிட்டது.

கொயோட்டி எளிதில் ஏமாறும் விலங்கன்று. காதினும் மூக்கையே அது பெரிதும் நம்பும். குரல் எழும் இடத்தை நேரே நெருங்காமல், அங்கிருந்து காற்று வரும் பக்கமாகச் சுற்றி வந்து, இருப்பது முயலா மனிதனா என மோப்பம் பிடித்த பின்னரே முன்னேற முயலும். குழல் ஊதுபவனுக்கு இது பேரிடர். குரலும் அவனிடமிருந்தே எழுகிறது. வாடையும் அவனிடமிருந்தே வீசுகிறது. வரும் விலங்கின் கண்களோ அவன் இருக்கும் புதரையே துழாவுகின்றன. நாவும் மூச்சும் பழக ஆண்டுகள் தேவை. பிசிறு தட்டினால் விலங்கு திரும்பிவிடும். ஒருமுறை தப்பிய விலங்கு மறுமுறை அக்குரலை நம்பாது. பெட்டி வைத்திருப்பவனுக்கு இத்தொல்லைகளில் பாதி இல்லை. பெட்டியைத் தள்ளி வைக்கிறான். அதனருகே துள்ளித் துடிக்கும் மயிர்க்குஞ்சம் ஒன்றையும் நட்டு வைக்கிறான். தான் வேறொரு மறைவில் அமர்ந்து பொத்தானை அழுத்துகிறான். விலங்கின் காதும் கண்ணும் பெட்டியின் மேல், அவனது துப்பாக்கியோ விலங்கின் மேல். மூக்கு ஒன்றை மட்டும் இன்னும் எந்தத் தொழிற்சாலையாலும் ஏமாற்ற இயலவில்லை என்பதில் நமக்குச் சிறு மகிழ்ச்சி உண்டு.

"வாயால் ஏமாற்றினால் என்ன, பெட்டியால் ஏமாற்றினால் என்ன, வஞ்சகம் ஒன்றுதானே?" என்பார் உளர். பொருளற்ற வாதமன்று இது. குழல் ஊதுபவனைப் புனிதனாக்கும் எண்ணம் நமக்கில்லை. ஆயினும், அவன் அக்குரலைத் தன்னுள் வாங்க அவ்வுயிரை நெடுநாள் உற்றுக் கேட்டிருக்கிறான்; அதன் வழக்கங்களைக் கற்றிருக்கிறான்; தோற்கும் வாய்ப்பையும் ஏற்றிருக்கிறான். பெட்டி இவை அனைத்தையும் விலைக்கு வாங்கித் தருகிறது. கேட்கும் பொறுமை இல்லாதவனுக்கும் கொல்லும் ஆற்றல் கிட்டிவிடுகிறது.

இதனினும் ஆழமான கோடு வேறோரிடத்தில் உள்ளது. முயலின் அலறலைக் கேட்டு வரும் கொயோட்டி பசியால் வருகிறது. தூண்டிலில் புழுவைக் கோத்து மீனை ஏமாற்றுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை என்று ஒருவர் வாதிட்டால் அவரோடு நாம் நெடுநேரம் மல்லுக்கு நிற்கமாட்டோம். குட்டியின் ஓலத்தைக் கேட்டு வருவது அவ்வாறன்று. கொயோட்டி இணையாக வாழ்ந்து, தாயும் தந்தையும் சேர்ந்தே குட்டிகளைப் பேணும் இனம். வேனிற்காலத்தில் வளையில் குட்டிகள் இருக்கையில் இவ்வோலம் எழுந்தால், வேளை எதுவாயினும், பசி இருப்பினும் இல்லாவிடினும், பெற்றவை ஓடி வரும். வழக்கமான எச்சரிக்கையைக்கூட அப்பொழுது அவை கைவிடுவதுண்டு என்பதை வேட்டைக்காரர்களே பெருமையுடன் சொல்லிக் கொள்கின்றனர். பசியை ஏமாற்றுவது ஒன்று, பாசத்தை ஏமாற்றுவது வேறு. பின்னதைப் பெட்டியால் செய்தாலும் வாயால் செய்தாலும் இழிவு இழிவே.

விவிலியத்தில் இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் பறவைக்கூடு பற்றிய சிறு கட்டளை ஒன்றுண்டு. வழியில் காணும் கூட்டில் தாய்ப்பறவை குஞ்சுகளின் மேலோ முட்டைகளின் மேலோ அமர்ந்திருந்தால், குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம். தாயையும் சேர்த்துப் பிடிக்கலாகாது. உணவுக்காகப் பறவை பிடிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. எனினும், சிறகிருந்தும் பறந்து தப்பாமல் அத்தாய் அங்கே நின்றது தன் குஞ்சுகளுக்காக. அந்த அன்பையே அவளுக்குக் கண்ணியாக்காதே என்பதே அக்கட்டளையின் உட்பொருள் எனக் கொள்கிறோம். குட்டிக்குரல் பெட்டியில் நடப்பது அக்கண்ணியன்றி வேறென்ன? விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே முரணானவை எனக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 1992இல் வகுத்துரைத்தது. விலங்கின் உரிமை என்று தொடங்காமல் மனிதனின் மாண்பு என்று தொடங்கியது கருதத்தக்கது.

தேவை என்ற சொல்லுக்கு வருவோம். குமாவுன் மலையின் தாக் எனும் சிற்றூரை நடுங்க வைத்த ஆட்கொல்லிப் பெண்புலியை ஜிம் கார்பெட் 1938 நவம்பர் இறுதியில் வீழ்த்தினார். துணை தேடி அலைந்த அப்புலியை, ஆண்புலியின் குரலைத் தம் வாயாலேயே எழுப்பி, இருள் கவியும் நேரத்தில் தம் முன்னே வரவழைத்துச் சுட்டார். அதுவும் வஞ்சகமே. ஆனால் அங்கே மனித உயிர்கள் பறிபோயிருந்தன. அழைத்தவர் 63 வயதில் தம் உயிரையும் பணயம் வைத்தே அமர்ந்திருந்தார். அமெரிக்க ஆட்டுப்பண்ணையாளர்க்கும் இவ்வகையில் ஒரு நியாயம் உண்டென்பதை மறைக்கமாட்டோம். கொயோட்டியால் அவர்கள் இழக்கும் ஆட்டுக்குட்டிகள் கொஞ்சமல்ல. குட்டி ஈன்று வளர்க்கும் இணைகளே பெரும்பாலும் அவற்றை அடிக்கின்றன. காவல் நாய், இரவுப் பட்டி, வேலி யாவும் பயனற்றுப்போன பின், தன் கிடையைத் தாக்கிய அவ்விணையையே ஒருவர் அழைத்துச் சுட்டாரெனில், அவரைக் கண்டிக்க நம் பேனா எழாது. அதுகூட, வளையில் பட்டினியாய் எஞ்சும் குட்டிகளை எண்ணி மனங்கனத்துச் செய்யவேண்டிய செயல்.

பொழுதுபோக்குக்காரர்கள் இந்த ஏழை ஆட்டுக்காரரின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வருவதே நம்மைச் சினமூட்டுகிறது. ஓர் ஆட்டையும் தொடாத விலங்கை எங்கோ ஒரு வெளியில் அழைத்துச் சுடுவதால் எந்தக் கிடை காக்கப்பட்டது? காலியான நிலப்பரப்பில் வேறு கொயோட்டி வந்து குடியேறும். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நஞ்சும் பொறியும் துப்பாக்கியும் கொண்டு கொன்ற பின்னரும் அவ்வினம் மேற்குச் சமவெளியிலிருந்து கிழக்குக் கடற்கரை வரை பரவியதே வரலாறு. இதனினும் கொடிது, வார இறுதியில் யார் அதிகம் கொன்றார், யார் கொன்றது எடை மிகுந்தது எனக் கணக்கிட்டுப் பரிசளிக்கும் கொலைப் போட்டிகள். கலிபோர்னியா 2014இல் அத்தகைய பரிசுகளைத் தடை செய்தது. 2018இல் வெர்மான்ட், 2019இல் நியூ மெக்சிகோ எனப் பிற மாநிலங்கள் சிலவும் போட்டிகளைத் தடுத்தன. நியூயார்க்கில் 2023 இறுதியில் அதற்கான சட்டம் கையொப்பமாயிற்று. வேறு பல மாநிலங்களில் போட்டிகள் இன்றும் தொடர்கின்றன.

சட்டத்தின் ஓரவஞ்சனையும் கவனிக்கத்தக்கது. வாத்து முதலிய இடம்பெயர் பறவைகளைச் சுட மின்கருவிக் குரலைப் பயன்படுத்துவதை அமெரிக்க நடுவணரசின் விதிகள் பொதுவாகத் தடுக்கின்றன. மட்டுமீறிப் பெருகிய பனிவாத்து வகைகள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. கொயோட்டிக்கோ பெரும்பாலான மாநிலங்களில் அத்தடை இல்லை. தியோடர் ரூசவெல்ட் 1887இல் தோற்றுவித்த பூன் அண்டு கிராக்கெட் எனும் வேட்டைக்காரர் கழகமே, மின்கருவியால் ஈர்த்துக் கொன்ற விலங்கைத் தன் பதிவேட்டில் ஏற்பதில்லை. ஐரோப்பாவின் 1979ஆம் ஆண்டுப் பெர்ன் உடன்படிக்கை விலக்கிய வேட்டை முறைகளின் பட்டியலில், கண் பிடுங்கப்பட்ட உயிரைப் பார்வையாகக் கட்டி வைப்பதும் ஒலிப்பதிவுக் கருவியும் ஒருங்கே இடம்பெறுகின்றன. அவ்விரண்டையும் ஒரே வரிசையில் வைத்தவர்களின் மனச்சான்று கூர்மையானது.

'பார்வை' என்று இங்கே எழுதியது பிழையன்று. இனத்தைக் காட்டி இனத்தைப் பிடிக்கும் விலங்குக்குத் தமிழில் அதுவே பழம்பெயர். எயினர் குடிலின் முற்றத்தில் அது கட்டப்பட்டிருந்ததைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. நரிபோல் ஊளையிட்டு நரியை வலைக்கு அழைக்கும் திறம் நரிக்குறவரிடம் இருந்தது. அது வயிற்றுப்பாட்டுக்கான தொழில். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் அதுவும் குற்றமாயிற்று. இன்று நம்மிடையே அப்பழைய பார்வையின் இடத்தைக் கைப்பேசி பிடித்துள்ளது. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுக் காடையைக் கண்ணிக்கு இழுப்போர் உளர். துப்பாக்கியே ஏந்தாத நல்லவர் சிலரும், ஒரு புகைப்படத்திற்காக, கூடு கட்டும் காலத்தில் குருவியின் காதருகே அதன் பகைவன் குரலையோ குஞ்சின் குரலையோ மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்கின்றனர். பறவை பதறிப் பறந்து வருகிறது. படம் நன்றாக வருகிறது. கூட்டில் முட்டை குளிர்கிறது.

அமெரிக்க மாநிலங்களிடம் நாம் கேட்கக்கூடியது சிறிதே: கிடையைக் காக்கும் தேவையின்றி எவரும் குட்டியின் ஓலத்தை எழுப்பலாகாது, போட்டிகளுக்கும் பொழுதுபோக்குக்கும் அப்பெட்டிகள் கூடா. நம் இளைஞர் குழுக்களிடம் கேட்பது அதனினும் எளிது. அடுத்த முறை மலைக்குச் சுற்றுலா செல்கையில் பறவையைக் காண விரும்பினால், கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு ஒரு மரத்தடியில் அரைமணி நேரம் பேசாமல் அமருங்கள்.