டப்பாவும் கடப்பாரையும்

தலைவலிக்கு மருந்து, பெண்ணுக்கு வரன், வீட்டுக்கு வர்ணம்: இந்த மூன்று விஷயங்களிலும் அபிப்பிராயம் இல்லாத மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை. முதல் இரண்டிலாவது நோயாளியின் நாடியையும் பெண்ணின் மனத்தையும் கொஞ்சம் விசாரிக்கிற வழக்கம் உண்டு. மூன்றாவதில் அதுவும் கிடையாது. பாட்டனார் கட்டிய வீட்டின் வெளிச்சுவருக்கு வர்ணம் பூசப் போகிறோம் என்று ஒருவர் வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். மைத்துனர் ஒரு நிறம் சொல்கிறார். மாப்பிள்ளை ஒரு நிறம் சொல்கிறார். ஜோதிடர் ராசியைப் பார்த்து ஒரு நிறம் சொல்கிறார். அமெரிக்காவிலிருந்து மகன் ஏதோ கிரேக்க தேசத்துத் தீவின் படத்தைச் செல்போனில் அனுப்பி, "இந்த மாதிரி அடியுங்கள், அப்பா" என்கிறான். இத்தனை பேரையும் கேட்கிறார்களே, அந்தச் சுவரை யாராவது கேட்கிறார்களா?

சுவருக்கு வாய் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதற்கு மூக்கு உண்டு. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. கும்பகோணம், மாயவரம், திருவாரூர்ப் பக்கத்துத் தெருக்களில் இன்னும் மிச்சமிருக்கும் திண்ணை வீடுகளையும், செட்டிநாட்டின் இரண்டு கட்டு, மூன்று கட்டு வீடுகளையும் எடுத்துக் கொள்ளுங்கள். அவற்றில் பெரும்பாலானவை சிமெண்டு நம் ஊர்களுக்குள் தாராளமாக நுழைவதற்கு முன்னால் எழுந்தவை. செங்கல்லை இணைப்பது சுண்ணாம்புச் சாந்து. மேலே பூசியதும் சுண்ணாம்புதான். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைத்த சாந்து. பூமியிலிருந்து ஈரம் ஏறாமல் தடுக்க இக்காலத்தில் அஸ்திவாரத்துக்கு மேல் ஒரு தடுப்பு வைக்கிறார்களே, அது பெரும்பாலும் அந்த வீடுகளில் கிடையாது. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்து ஈரம் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலச் சுவரில் ஏறும். தை பிறந்து வெயில் வந்ததும், வெள்ளையடித்த மேல்பூச்சின் வழியாகவே ஆவியாகிப் போய்விடும். ஏறுவதும் இறங்குவதுமாக நூறு வருஷம் அந்தச் சுவர் மூச்சு விட்டுக் கொண்டு வந்திருக்கிறது.

அந்த மூக்கைத்தான் நாம் இப்போது பொத்துகிறோம். கடையில் எமல்ஷன் என்று விற்கிற பிளாஸ்டிக் வர்ணம் காய்ந்ததும் ஒரு தோல் போலச் சுவரின்மேல் படிந்துவிடும். மழைத் தண்ணீர் உள்ளே போகாது என்று விற்கிறவர் பெருமையோடு சொல்வார். உள்ளே இருக்கிற தண்ணீர் எந்த வழியாக வெளியே வரும் என்று நாம் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. அடியிலிருந்து ஏறிய ஈரம் தோலுக்குப் பின்னால் தேங்குகிறது. ஈரத்தோடு வந்த உப்பு அங்கேயே பூத்துப் பருத்து வர்ணத்தைத் தள்ளுகிறது. இரண்டு மழைக்காலம் போவதற்குள் சுவர் அப்பளம் போலக் கொப்பளிக்கிறது.

இதன் பிறகு நடப்பதை எங்கள் பக்கத்துத் தெரு வீடு ஒன்றில் படிப்படியாகப் பார்த்திருக்கிறேன். முதலில் நல்ல கிளிப்பச்சை. பத்து வருஷத்துக்கு உத்தரவாதம் என்றார் வேலையை எடுத்தவர். மூன்றாம் வருஷம் திண்ணைக்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்குப் பச்சை உரிந்து தொங்கிற்று. உத்தரவாதம் கொடுத்தவர் வந்து பார்த்தார். "வர்ணத்தில் குற்றமில்லை ஐயா, சுவர்தான் உளுத்துப் போச்சு" என்றார். சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்டு பூசினார்கள். ஈரத்துக்குச் சிமெண்டும் வழி விடாததால், அது இன்னும் மேலே ஏறிச் சர விட்டத்தின் முனையைத் தொட்டது. மரம் இற்றது. குடும்பத்தார் கூடிப் பேசினார்கள். "பழைய வீடு, இனிமேல் தாங்காது" என்று ஒருமுகமாக முடிவு கட்டினார்கள். நூறு வருஷம் தாங்கிய வீட்டை இடிக்க நாலு நாள் போதுமானதாக இருந்தது.

நான் சொல்ல வந்தது இதுதான். நம் ஊரில் பழைய வீடுகளைக் கடப்பாரை இடிக்கிறது என்று நினைக்கிறோம். கடப்பாரை கடைசியில் வருகிற ஆசாமி. பல வீடுகளில் அதற்குக் கதவைத் திறந்து விடுவது வர்ண டப்பா.

டப்பாவுக்கு முன்னால் வருவது நிற அட்டை. அதில் ஆயிரக்கணக்கான நிறங்கள். போதாவிட்டால், கடையில் உள்ள கம்ப்யூட்டர் இன்னும் ஆயிரம் கலந்து கொடுக்கும். தபால் தலை அளவு காகிதத்தில், குழல் விளக்கின் வெளிச்சத்தில் பார்த்து, முப்பதடி முகப்பின் தலைவிதியை நிர்ணயிக்கிறோம். காகிதத்தில் சாதுவாக இருக்கும் நிறம் சுவர் முழுவதும் பரவிச் சித்திரை மாதத்து வெயிலும் பட்டால் கூச்சல் போடும். அட்டையில் இளம் ரோஜா. வீட்டில் கல்யாணப் பந்தல்!

சுண்ணாம்பிடம் இந்தத் தாராளம் கிடையாது. சுபாவத்திலேயே காரமான பொருள் அது. கண்ட நிறத்தையும் சேர்த்துக் கொள்ளாது. பிரஷ்ய நீலம் போன்றவை அதில் கலந்தால் நிறம் கெட்டுப் போகும். மண்ணிலிருந்து வந்த நிறங்களை மட்டும் அது உறவாக ஏற்றுக் கொள்ளும்: செங்காவி, மஞ்சள் காவி, அவற்றை ஒட்டிய பழுப்பு. வெள்ளை பளிச்சென்று தெரிய ஒரு சிட்டிகை நீலப்பொடி. நம் முன்னோருக்குக் கையிலிருந்த நிறங்கள் ஏறக்குறைய இவ்வளவுதான். கோயில் மதிலில் காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக நிற்பதையும், திண்ணையின் அடியில் ஒரு முழக் காவிக்கரை ஓடுவதையும் பார்த்து யாராவது, "ஐயோ, நிறம் போதவில்லையே" என்று வருந்தியதுண்டா? மழைச் சேறு தெறிக்கிற இடத்தில் காவி. வெயில் அடிக்கிற இடத்தில் வெள்ளை. காரணம் தெரிந்து வைத்த நிறம் அழகாகத்தான் இருக்கும்.

வெயிலைச் சொன்னேன். கரும்பழுப்பும் சாம்பலும் இப்போது நாகரிகம் என்கிறார்கள். குளிர் தேசத்தில் அது ஒரு வேளை சுகமாக இருக்கலாம். புதிதாக அடித்த வெள்ளை தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பி விடுகிறது. கரு நிறம் பெரும்பகுதியை வாங்கி உள்ளே வைத்துக் கொள்கிறது. மேற்குப் பார்த்த சுவருக்குக் கரும் வர்ணம் அடித்துவிட்டு, அந்தச் சுவரோரம் கட்டிலில் படுத்திருக்கும் வயதான தாயாருக்கு இரண்டு மின்விசிறி வைப்பதை நான் புத்திசாலித்தனம் என்று ஒப்புக் கொள்ள மாட்டேன்.

இதையெல்லாம் கேட்டு, "பழமையைக் காப்பாற்றுவோம்!" என்று எதிர்ப்பக்கத்தில் குதிக்கும் அன்பர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. இவர்கள் புதுச்சேரிக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு, பிரெஞ்சுக்காரர் தெருவின் மஞ்சளைக் கொண்டு வந்து கும்பகோணத்து வீட்டுக்குப் பூசுகிறவர்கள். அதுவும் பிளாஸ்டிக் மஞ்சள்! புதுச்சேரியில் பார்க்க வேண்டியது வேறு. தமிழர் பகுதியிலுள்ள வைசியாள் வீதியில் வீடுகளின் முகப்புகளை வரிசையாக, தெரு முழுவதையும் ஒன்றாக எண்ணிச் செப்பனிட்டார்கள். அதற்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பரிசு கிடைத்தது. நிறத்தைக் கடன் வாங்குவதற்குப் பதிலாக அந்த எண்ணத்தை வாங்கி வரலாம். உங்கள் வீட்டின் சொந்த நிறம் வேண்டுமானால் வெளியூர் போக வேண்டியதில்லை. மழை படாத தாழ்வாரத்து மூலையில் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். மேலேயிருந்து கீழே அடுக்கடுக்காக உங்கள் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா மூவரும் வரிசையாக நிற்பார்கள்.

சுவரைச் சுரண்டலாம், பழைய கதவையும் ஜன்னலையும் மட்டும் உப்புத்தாளால் வறட்டுத் தேய்ப்புத் தேய்க்காதீர்கள். பழைய எண்ணெய் வர்ணங்களில் ஈயம் இருக்கக் கூடும். வீட்டு வர்ணங்களில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கலாகாது என்ற விதி நம் நாட்டில் 2016-இல் எழுதப்பட்டு 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. தூசியில் தவழ்கிற குழந்தைக்கு அந்த ஈயம் விஷம். நனைத்துத் தேய்த்து, துடைத்து, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல் செய்ய வேண்டிய வேலை அது.

"சுண்ணாம்பு சட்டையில் ஒட்டும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும், அடிக்கத் தெரிந்த ஆள் எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சட்டையில் ஒட்டுவது பெரும்பாலும் அவசரத்தில் அடித்த சுண்ணாம்பு. நன்றாக ஊறின சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, கொஞ்சம் கஞ்சியோ பிசினோ உப்போ சேர்த்து, சுவரை நனைத்து, உச்சி வெயில் படாத நேரத்தில், மோர் போலத் தெளிவாக மூன்று முறை அடித்தால் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக் கொண்டு மறுபடியும் கல்லாகிவிடும். பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிக்க வேண்டும் என்று வைத்தார்களே, மழை ஓய்ந்து வெயில் கடுமையாகாத அந்தச் சமயம்தான் இதற்கு ஏற்றது. ஆள் கிடைப்பது கடினம் என்பதை மறுக்கவில்லை. கேட்பார் இல்லாமல் போனதால் ஆள் இல்லாமல் போனார்கள். கேட்கத் தொடங்கினால் வருவார்கள். வருஷா வருஷம் ஆகும் செலவோ, இடித்துக் கட்டும் செலவுக்கு முன்னால் வெற்றிலை பாக்குச் செலவு.

ஏற்கெனவே சிமெண்டு பூசிக் காய்ந்து கிடக்கும் வீட்டுக்காரரோடு எனக்கு வழக்கு இல்லை. அவருக்கு எமல்ஷன் பொருந்தும். சுண்ணாம்புச் சுவர்மேல் முன்பே பிளாஸ்டிக் அடித்து விட்டவர்களுக்குத்தான் கஷ்டம். அதை முழுவதும் உரித்து எடுத்தாலொழிய சுண்ணாம்பு ஒட்டாது.

கடைசியில் ஒரு பிரம்மாஸ்திரம் வரும்: "என் வீடு, என் பணம், என் இஷ்டம்!" வீட்டுக்கு உள்ளே தாராளமாக உங்கள் இஷ்டம். வெளிச்சுவரை நீங்கள் பார்ப்பது காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. எதிர் வீட்டுக்காரர்தான் நாள் முழுவதும் பார்க்கிறார். இந்த நாட்டில் இரண்டு நிறங்களை அடுத்தடுத்து வைத்தாலே எந்தக் கட்சி என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து நிறத்தை மாற்றுகிற நாம், இருபது வீடுகள் தோளோடு தோள் நிற்கும் தெருவுக்காகக் கொஞ்சம் மாற்றிக் கொண்டால் என்ன கௌரவம் குறைந்துவிடும்?

ஆகவே உங்கள் வீட்டுத் திண்ணையில் நிற அட்டை விரியும்போது அதை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மழை விட்ட ஒரு காலையில் சுவரின்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது, எங்கே உப்புப் பூத்திருக்கிறது, மேல்பூச்சு சுண்ணாம்பா சிமெண்டா என்று அது சொல்லும். பிறகு இரண்டடிச் சதுரத்துக்கு ஒரு காவியோ வெள்ளையோ பூசி, நாலு நாள் காய விட்டு, காலையிலும் நடுப்பகலிலும் விளக்கு வைத்த பிறகும் பாருங்கள். மைத்துனர், மாப்பிள்ளை, ஜோதிடர் எல்லாரும் அதற்குப் பிறகு அபிப்பிராயம் சொல்லட்டும். சுவர் பேசி முடித்த பிறகு யார் பேசினாலும் அதிகக் கெடுதல் வராது.