பலகையில் ஊர்ச்சாமி

தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும் ஒரு காலத்தில் அந்தப் பலகை கண்ணில் படும்: 'மதுரை ஸ்ரீ முனியாண்டி விலாஸ்'. படித்ததுமே வாழையிலையும் மட்டன் குழம்பும் நினைவுக்கு வரும். யார் அந்த முனியாண்டி? ஓட்டல் முதலாளி அல்ல, காவல் தெய்வம். மதுரை மாவட்டம் திருமங்கலத்துக்குத் தெற்கே, கள்ளிக்குடி பக்கத்தில் இருக்கும் வடக்கம்பட்டிதான் அவர் ஊர்.

மழையை நம்பிய மானாவாரி பூமி அது. வானம் பொய்த்தால் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அப்படிக் கிளம்பிய ஒருவர் 1930-களில் காரைக்குடியில் ஓர் அசைவச் சாப்பாட்டுக் கடை போட்டு, ஊர்ச்சாமியின் பெயரையே வைத்தார். கடை நன்றாக ஓடியது. ஊர்ப் பையன்கள் வேலைக்கு வந்தார்கள். இலை போட்டு, பரிமாறி, அடுப்படி வேலை பழகி, கல்லாவில் உட்காரவும் கற்றுக்கொண்டு, பிறகு வேறு ஊரில் சொந்தக் கடை திறந்தார்கள். தலைமை அலுவலகம் எதுவும் கிடையாது. கடைக்கு ஒரு முதலாளி. பெயர் மட்டும் எல்லோருக்கும் பொது.

அந்தப் பெயரின் அருமை புரிய, அந்தக் காலத்துப் பலகைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். 'பிராமணாள் காபி கிளப்' என்று எழுதியிருப்பது அன்று சர்வ சாதாரணம். சமைப்பவர் யார் என்று சொன்ன அந்தப் பலகை, உள்ளே யார் எங்கே உட்காரலாம் என்பதையும் சொல்லாமல் சொன்னது. 1939 ஜூலை 8-ல் வைத்தியநாதய்யர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். உணவகத்துக்குள் நுழைய எவரையும் சாதி காட்டித் தடுக்கக் கூடாது என்று அரசியல் சாசனமே 1950-ல் சொன்னது. அதன் பிறகும் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி, 1957-ல் பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட காலத்தில், சாதிப் பெயர் இல்லாமல் ஒரு கிராமத்துச் சாமியின் பெயரோடு நின்ற பலகை, உழைத்துக் களைத்து வந்தவனை வயிறாரச் சாப்பிட அழைத்தது.

முதலாளிகள் சாமியை மறக்கவில்லை. வருமானத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்து, ஆண்டுக்கொருமுறை வடக்கம்பட்டியில் கூடுகிறார்கள். நாயுடு குடும்பங்கள் தையிலும், ரெட்டியார் குடும்பங்கள் மாசியிலும் விழா எடுக்கிறார்கள். நேர்த்திக்கடனாக வந்த ஆடுகளும் சேவல்களும் இரவெல்லாம் அண்டா அண்டாவாக பிரியாணி ஆகின்றன. விடியற்காலையில் அதுதான் பிரசாதம். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பாத்திரத்தோடு வரும் எல்லோருக்கும் உண்டு, காசு கிடையாது.

கடைகளின் கதைதான் மாறிவிட்டது. நான்குவழிச் சாலைகள் ஊருக்கு வெளியே போக, பேருந்துகளும் கார்களும் அங்கேயே நின்று சாப்பிட்டுக் கிளம்புகின்றன. ஊருக்குள் இருப்பவர்கள் செல்போனில் பிரியாணிப் பார்சல் சொல்கிறார்கள். வடக்கம்பட்டியோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களும் அதே பெயரில் கடை நடத்துகிறார்கள். படித்து வேறு வேலைக்குப் போகும் பிள்ளைகள் கல்லாவுக்குத் திரும்புவதில்லை. அடுப்பு வெக்கையில் ஆயுளைக் கழித்த அப்பாக்களும் அதைத்தானே விரும்பினார்கள்?

ஆனால், ஒரு விஷயம் யோசிக்க வைக்கிறது. கையில் முதல் இல்லாத பையன் இலை எடுக்கும் வேலையில் சேர்ந்து, அதே தொழிலில் முதலாளியாக உயர அந்தக் கடைகளில் வழி இருந்தது. இன்று வெயிலில் பார்சலைச் சுமந்து வந்து வாசலில் நிற்கும் பையனுக்கு அப்படி ஒரு கல்லா எங்கே காத்திருக்கிறது?