பிற்பகல் தொடர்களின் முக்கோணக் காதல்: எங்கள் நேயர் மன்றத்தின் நிலைப்பாடு

ஓர் ஆடவனும் இரு பெண்களும் சிக்கித் தவிக்கும் கதைகளைப் பிற்பகல் நேரத் தொலைக்காட்சியில் சட்டத்தின் துணைகொண்டு தடை செய்ய வேண்டும் என்று கோரும் மனு ஒன்றை, எங்கள் மன்றத்தின் கையொப்பம் வேண்டி, நண்பர்கள் சிலர் கொண்டு வந்தார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தில் எங்களுக்குச் சிறிதும் சந்தேகமில்லை. ஆயினும், இரண்டு கூட்டங்களில் வெகு நேரம் விவாதித்த பின்னர், அம்மனுவில் கையொப்பமிடுவதில்லை என்று மன்றம் தீர்மானித்தது. மறுத்ததோடு நின்றுவிடாமல், எதை ஆட்சேபிக்கிறோம், எதை ஆட்சேபிக்கவில்லை என்பதைப் பொதுமக்கள் முன்னிலையில் சொல்லிவிடுவது கடமை என்றும் கருதியது.

முதலில் அந்தப் பிற்பகலைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடியுமுன் அடுப்பு மூட்டி, ஒருவருக்கு டிபன் பாக்ஸ், இன்னொருவருக்குப் பள்ளிப் பை, மாமியாருக்கு மருந்து என்று ஓடி, பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டு, முறத்தில் முருங்கைக் கீரையைப் பரப்பிக்கொண்டு ஒரு பெண் தரையில் உட்காரும்போது மணி ஒன்றரை ஆகியிருக்கும். எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவரின் வீட்டில் அந்த நேரத்தில் நான்கு பேர் கூடுகிறார்கள். திரையில் அந்த இரண்டாமவள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும் கணத்தில், கீரை ஆய்கிற கை காம்பைப் பிடித்தபடியே நின்றுவிடும். "வந்துட்டாடி, குடியைக் கெடுக்க" என்று ஒருவர் சொல்ல, "அவளை ஏன் சொல்றீங்க அக்கா, இவன் யோக்கியமா இருந்தா அவ ஏன் வரப்போறா?" என்று மற்றொருவர் கேட்க, விளம்பரம் முடிவதற்குள் திருமணம், நம்பிக்கை, ஆணின் பொறுப்பு, பெண்ணின் மானம் எல்லாமே அந்தக் கூடத்தில் விவாதத்துக்கு வந்துவிடுகின்றன. தன் வீட்டு வேதனையைத் தன் பெயரால் சொல்லிக்கொள்ள இயலாத ஒருத்தி, கதாபாத்திரத்தின் பெயரால் அதைச் சொல்லி ஆறுகிற இடம் அது. அந்த இடத்தைச் சட்டம் போட்டு அடைப்பதற்கு நாங்கள் உடந்தையாக இருக்க மாட்டோம்.

இத்தகைய கதை நம் பண்பாட்டுக்கு அந்நியமானது என்று மனு கூறுகிறது. அது சரியன்று. கண்ணகி, கோவலன், மாதவி என்னும் மூவரின் வாழ்வு பின்னிக் கிடக்கும் சிலப்பதிகாரத்தை வைத்துக்கொண்டு நாம் அப்படிச் சொல்ல முடியாது. அதில் இளங்கோவடிகள் மாதவியைக் குடிகெடுத்தவளாகப் படைக்காமல், கோவலன் மாண்ட செய்தி கேட்டுத் துறவு பூணும் அளவுக்கு அவளுக்கும் ஒரு மனத்தையும் மாண்பையும் கொடுத்தார். நம் காலத்துக்கு அருகில் வந்தால், 1962-இல் ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சில் ஓர் ஆலயம்' இருக்கிறது. நோயாளியாக வந்து சேரும் கணவன், பக்கத்திலிருந்து பணிவிடை செய்யும் மனைவி, அவளை முன்னாளில் காதலித்த டாக்டர். ஏறக்குறைய முழுவதும் ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கும் அந்தக் கதையில் வில்லன் என்று ஒருவரும் கிடையாது. தான் பிழைக்காவிட்டால் டாக்டரையே மணந்துகொள்ளும்படி கணவன் மனைவியிடம் சொல்லும் கட்டத்தை எங்கள் மன்றத்தில் மூன்று தலைமுறைப் பெண்கள் பார்த்து அழுதிருக்கிறார்கள். மூவரும் நல்லவர்கள், மூவரும் துன்பப்படுகிறார்கள், கதை முடிகிறது. கடைசியாகச் சொன்ன அந்த ஒன்றைத்தான் இன்றைய தொடர்களில் காணோம்.

உண்மை வெளிப்பட வேண்டிய நாளில் யாராவது மயங்கி விழுகிறார்கள். ஒப்புக்கொள்ள வாயெடுத்தவனின் கைபேசி ஒலிக்கிறது. விவாகரத்துப் பத்திரத்தில் கையொப்பமிடப்போகும் வேளையில், மற்றவள் கர்ப்பம் என்ற செய்தி வருகிறது. ஒரே முகத்தின் அதிர்ச்சியை மூன்று கோணங்களில், மூன்று தடவை, இடியோசையோடு காட்டிவிட்டுத் 'தொடரும்' போட்டுவிடுகிறார்கள். ஏன் இப்படி என்று கேட்டால் கிடைக்கும் விடை, டி.ஆர்.பி. ஏறுகிறது, ஆகவே ஜனங்கள் இதைத்தான் விரும்புகிறார்கள் என்பது. எங்கள் ஆட்சேபம் முழுவதும் இந்த 'ஆகவே' என்ற சொல்லின் பேரில்தான்.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதை உறுப்பினர்கள் அறிந்திருப்பது நல்லது. இந்தியாவில் அதைக் கணிக்கும் 'பார்க்' என்னும் ஸ்தாபனம், சில ஆண்டுகளுக்கு முந்தைய கணக்குப்படி, சுமார் 21 கோடித் தொலைக்காட்சி வீடுகளுக்குப் பிரதிநிதியாகச் சுமார் 55,000 வீடுகளில் மீட்டர் வைத்திருந்தது. ஏறத்தாழ 3,800 வீடுகளுக்காக ஒரு வீடு பேசியது என்று சொல்லலாம். ஒளிபரப்பின் ஒலியில் காதுக்குப் புலப்படாமல் பதித்திருக்கும் குறியைக் கொண்டு எந்தச் சேனல் ஓடுகிறது என்பதை மீட்டர் அறிந்துகொள்கிறது. எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்பதை அவரவரே பொத்தானை அழுத்தித் தெரிவிக்க வேண்டும். மாதிரி எடுத்துக் கணக்கிடும் இந்த முறையில் குற்றம் காண நாங்கள் வரவில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்படியில் நிற்கும் எங்களுக்குத் தெரியாததன்று. ஆனால் அந்தப் பருக்கை, சோறு வெந்ததா என்பதைச் சொல்லுமே தவிர, உண்டவளின் மனம் நிறைந்ததா என்பதைச் சொல்லாது. கொண்டாடிப் பார்த்தவளும் கொதித்துப் பார்த்தவளும் மீட்டருக்கு ஒன்றே. 'நாளைக்காவது அவளுக்கு உண்மை தெரியாதா' என்ற ஏக்கத்தோடு ஒருத்தி உட்கார்ந்திருந்த நிமிஷங்களை, அந்த உண்மையை இன்னும் ஒரு மாதம் மறைத்துவைக்க அவள் தந்த சம்மதமாகக் கணக்கெழுதுகிறார்கள். இதை அநியாயம் என்கிறோம்.

இந்த அநியாயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, இவ்வகைத் தொடர்கள் பிறந்த அமெரிக்காவிலேயே ஓர் உதாரணம் உண்டு. பகற்பொழுதில் வீட்டிலிருந்த பெண்களுக்காக 1930-களில் அங்கே வானொலியில் வந்த தொடர்கதைகளுக்குச் சோப்புக் கம்பெனிகள் பணம் கொடுத்ததால்தான் 'சோப் ஆபரா' என்ற பெயரே வந்தது. அந்த வழியில் தொலைக்காட்சிக்கு வந்த 'ஜெனரல் ஹாஸ்பிடல்' என்னும் பகல்நேரத் தொடர், லாரா என்ற மணமான இளம்பெண்ணை லூக் என்பவன் பலாத்காரம் செய்வதாக 1979-இல் காட்டியது. பின்னர் லூக்குக்கு ரசிகர்கள் பெருகவே, அந்தக் குற்றத்தையே காதலின் தொடக்கம் போல மாற்றி எழுதி, கணவன் ஸ்காட்டியை ஒதுக்கிவிட்டு, 1981 நவம்பரில் இருவருக்கும் கல்யாணம் செய்துவைத்தது. சுமார் 3 கோடிப் பேர் அதைப் பார்த்தார்கள். அந்நாட்டுப் பகல்நேரத் தொடர் எதற்கும் அத்தனை பெரிய கூட்டம் சேர்ந்ததில்லை. 1998-இல்தான், அவர்களுடைய மகனுக்குப் பழைய உண்மை தெரியவருவதாகக் கதை அமைத்து, நடந்தது பலாத்காரமே என்பதை அந்தத் தொடர் நேர்நின்று பேசியது. அந்த மூன்று கோடிப் பேரில் எத்தனை பெண்கள் நெஞ்சில் முள்ளோடு உட்கார்ந்திருந்தார்கள் என்பதை எந்தக் கருவி எழுதிவைத்தது?

நல்ல உதாரணமும் உண்டு. 2019-இல் வங்காளத்தில் தொடங்கிய 'ஸ்ரீமயீ', மறு ஆண்டே தமிழில் 'பாக்கியலட்சுமி'யாகவும் இந்தியில் 'அனுபமா'வாகவும் வந்ததோடு, மராத்தி, தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று பல மொழிகளுக்குப் போயிற்று. கணவன் வேறொருத்தியை நாடும் கதைதான். ஆனால் அதில் எங்கள் உறுப்பினர்கள் ஆவலோடு காத்திருந்தது அவன் யாரிடம் திரும்புவான் என்பதற்காக அன்று. சமையற்கட்டில் மதிப்பிழந்து கிடந்தவள், அந்தச் சமையலையே தொழிலாக்கி நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கப்போகிறாள் என்பதற்காக. அவள் வளர்கிற வாரங்களில் எங்கள் வீடுகளில் நடந்த பேச்சு வேறு. பழைய கணவன் மீண்டும் கூடத்துக்குள் வந்து நின்ற வாரங்களில் நடந்த பேச்சு வேறு. பார்த்த நிமிஷம் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

இனி, எங்கள் பக்கத்துத் தவறு. இதைச் சொல்லாமல் பிறரைக் குறை கூற எங்களுக்கு உரிமையில்லை. ஊரில் ஒரு கடைத் திறப்பு விழாவுக்கு, அத்தகைய தொடர் ஒன்றில் இரண்டாமவளாக நடிக்கும் பெண் வந்திருந்தார். எங்களில் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். அந்த நடிகை கோபப்படவில்லை. "எழுதிக் கொடுக்கிறதைத்தானம்மா பேசுறேன்" என்று சொல்லிச் சிரிக்க முயன்றார். கையில் வைத்திருந்த பூச்செண்டு நடுங்கியதாக, கேட்டவரே மன்றக் கூட்டத்தில் கண்கலங்கச் சொன்னார். கணவனாக நடிப்பவர் அதே மேடையில்தான் நின்றிருந்தார். அவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு பெண்களை மோதவிட்டு நடுவில் ஆணை நிரபராதியாக நிறுத்தும் எழுத்து, திரையைத் தாண்டி எங்கள் நாக்கிலும் ஏறியிருக்கிறது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டியதில்லை.

ஆகையால் கதாசிரியர்களையும் தயாரிப்பாளர்களையும் நாங்கள் வேண்டிக்கொள்வது, முக்கோணத்தைத் தொடங்கும்போதே அது எங்கே முடியும் என்பதை நிர்ணயித்துக்கொள்ளுங்கள் என்பதே. வாராந்தர எண் எப்படி ஏறினாலும் இறங்கினாலும் அந்த முடிவை மாற்றாதீர்கள். இரண்டாமவளுக்கும் ஒரு நியாயத்தை எழுதுங்கள். முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து ஆணைத் தப்பவிடாதீர்கள். பலாத்காரத்தையோ கட்டாயத் தாலியையோ காதலின் முதற்படியாகக் காட்டும் தொடரை மட்டும் நாங்கள் பொறுத்துக்கொள்ள மாட்டோம்; 2021-இல் திருத்திய கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி நேயரின் புகாருக்கு ஒளிபரப்பாளர் 15 நாட்களுக்குள் தீர்வு சொல்லக் கடமைப்பட்டவராகையால், அவ்வாறான ஒவ்வொரு எபிசோடுக்கும் நாளும் நேரமும் குறித்து மன்றத்தின் பெயரால் புகார் அனுப்புவோம். நன்றாக அமைந்த எபிசோடுக்கும் அதே அக்கறையோடு பாராட்டுக் கடிதம் போகும்.

உறுப்பினர்களுக்கும் ஒரு விதி செய்துகொண்டோம். கதாபாத்திரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் ஏசலாம். நடிப்பவரை, அவருடைய குடும்பத்தை, உடலை, நடத்தையைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை, எழுதுவதில்லை. கடைத் திறப்பு விழாவில் பேசிய உறுப்பினர், அந்த நடிகைக்கு மன்னிப்புக் கேட்டுத் தம் கைப்பட எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தைக் கூட்டத்தில் படித்துக் காட்டினார். அது இந்த அறிக்கையோடு ஒரே தபாலில் போகிறது. மனுவைக் கொண்டுவந்த நண்பர்களிடம் அதைக் கையொப்பமின்றித் திருப்பித் தருகிறோம். ஒருநாள் பிற்பகல் ஒன்றரை மணிக்கு எங்களோடு வந்து உட்கார்ந்து பார்க்கும்படி அவர்களை அழைக்கிறோம்.