வண்டிக்கு மானியம் குடுத்தாங்க, எர்த்துக்கு யார் குடுப்பா?

மின்சார வண்டி வாங்கலாமா வேண்டாமான்னு ஆளாளுக்கு எழுதித் தள்ளியாச்சு. மைலேஜ், பேட்டரி வாரண்டி, டிக்கி சைஸ் எல்லாம் அலசிக் காயப் போட்டாச்சு. நான் அந்தப் பக்கமே போகல. வண்டி வீட்டுக்கு வந்த பிறகு பிளக்கை எதுல சொருகுறோம்? இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். நடுவுல கொஞ்சம் ஓம், ஆம்பியர் வரும். பத்தாங்கிளாஸ் பிசிக்ஸ்தான், பயந்து ஓடிடாதீங்க.

வில்லியனூர், பாகூர் கொம்யூன் பக்கம் (வெளியூர் நண்பர்களுக்கு: கொம்யூன்ங்கறது பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போன பேரு, உங்க ஊர் பஞ்சாயத்து யூனியன் மாதிரி வெச்சுக்குங்க) இந்த வண்டிக்கு நியாயமான தேவை இருக்கு. பாகூர்லேருந்து பாண்டிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். தினம் போய் வந்தா 40. ஸ்கூட்டர்ல அதுக்கு ஒண்ணேகால், ஒன்றரை யூனிட் கரண்டு போதும். பெட்ரோல் பங்க்குல நிக்கிற ஆளுக்கு இந்தக் கணக்கு புரியறதுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

ஆனா கிராமத்து ஆள் சார்ஜ் போடுற இடம் பொது சார்ஜிங் ஸ்டேஷன் இல்ல. அவர் வீடுதான். ராத்திரி வந்து, திண்ணை ஓரமா வண்டிய நிறுத்தி, ஜன்னல் வழியா ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்து சொருகிட்டு சாப்பிடப் போயிடுவார். அந்த வீட்டுக்கு ஒயரிங் பண்ணும்போது நாலு லைட், ரெண்டு ஃபேன், ஒரு டிவி, அவ்வளவுதான் கணக்கு. வீடு கட்டுற காசுல ஒயரிங்குக்குக் கடைசியா மிச்சம் இருக்கிறதுதான் போகும். எர்த்துக்கு அந்த மிச்சத்துலயும் மிச்சம்.

முதல்ல ஒரு பயத்தைத் தெளிய வெச்சிடறேன். ஸ்கூட்டர் சார்ஜர் பெரிய லோடு கிடையாது. பெரும்பாலும் 500லேருந்து 1,000 வாட்டுக்குள்ளதான். இஸ்திரிப் பெட்டியே 1,000 வாட் எடுக்கும். 750 வாட் சார்ஜர் 230 வோல்ட்ல 3.3 ஆம்பியர்தான் இழுக்கும். இதுக்காக வீடு முழுக்க சுவத்தை ஒடச்சு ஒயர் மாத்தணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வித்தியாசம் நேரத்துலதான் இருக்கு. இஸ்திரிப் பெட்டி கால் மணி நேரம், சார்ஜர் நாலஞ்சு மணி நேரம், அதுவும் எல்லாரும் தூங்கும்போது.

கார்னா கதையே வேற. 15 ஆம்பியர் பிளக்குல 3.3 கிலோவாட் போட்டா 14 ஆம்பியருக்கு மேல, எட்டு பத்து மணி நேரம் விடாம ஓடும். மெயின் போர்டுலேருந்து பின்கட்டு மாட்டுக்கொட்டகைக்கு 30 மீட்டர் இருக்குன்னு வெச்சுக்குங்க (இப்ப அங்க மாடு இல்ல, வண்டிதான்). லைட்டுக்குப் போட்ட ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். ஒயர்ல அதை ஓட்டினா, ஒயர்லயே சுமார் 140 வாட் சூடா போகும். நாலு ஸ்கொயர் எம்.எம். போட்டா 55 வாட் பக்கம் இறங்கிடும். அதைவிட மோசம் லூஸ் கனெக்‌ஷன். சாக்கெட்டுக்குள்ள வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலே 14 ஆம்பியருக்கு 20 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்னை பிளாஸ்டிக் டப்பாக்குள்ள ராத்திரி பூரா ஆன் பண்ணி வெச்ச மாதிரி. 7.2 கிலோவாட் சார்ஜர்னா 31 ஆம்பியர். அதுக்குத் தனி ஒயர், தனி எம்.சி.பி., மின்துறையில லோடு ஏத்திக்கிறது எல்லாம் வேணும். அதுல பேரமே கிடையாது.

சரி, ஒயர் தடிமனா போட்டாச்சு, எம்.சி.பி. மாட்டியாச்சு, வேலை முடிஞ்சுதா? இல்ல. என்னோட வாதமே இங்கதான் ஆரம்பிக்குது.

எம்.சி.பி. ஒயரைக் காப்பாத்தும், ஆளைக் காப்பாத்தாது. சார்ஜர்ல ஏதோ பழுதாகி வண்டி பாடியில கரண்டு வந்துட்டதுன்னு வைங்க. நம்ம ஊர் எர்த், வீட்டுப் பின்னால எப்பவோ புதைச்ச ஒரு ஜி.ஐ. பைப். உப்பும் கரியும் போட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. சித்திரை வெயில்ல மண்ணு காஞ்சு அதோட தடை 20 ஓம் இருந்தா, 230ஐ 20ஆல வகுங்க. பதினொன்றரை ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதைப் பாத்துட்டு சும்மா உக்காந்திருக்கும். வண்டி பாடியில கரண்டு நின்னுகிட்டே இருக்கும். விடிகாலையில வாசல் தெளிச்ச ஈரத்துல வெறுங்காலோட நின்னு கோலம் போடுறவங்க கை வண்டி மேல பட்டா?

அதுக்குத்தான் ஆர்.சி.சி.பி. போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் சமமான்னு பாக்கும். 30 மில்லி ஆம்பியர் ஒழுகினா போதும், கண்ணிமைக்கிற நேரத்துல கட் பண்ணிடும். மத்திய மின்சார ஆணையம் 2019ல சார்ஜிங் ஸ்டேஷன்களுக்குக் கொண்டுவந்த பாதுகாப்பு விதியிலயே 30 மில்லி ஆம்பியருக்கு மேல போகக்கூடாது, குறைஞ்சது டைப் ஏ தரத்துல இருக்கணும்னு இருக்கு. கடையில சாதாரணமா எடுத்துக் குடுக்கிறது டைப் ஏசி. சார்ஜர் மாதிரி ஏசியை டிசியா மாத்துற சாமான்ல வர்ற ஒழுக்கை அது கோட்டை விடலாம். அதனால டைப் ஏன்னு கேட்டு வாங்குங்க.

"அதைப் போட்டா அடிக்கடி ட்ரிப் ஆகுது சார்"னு எலக்ட்ரீஷியன் சொல்வார். பொய் இல்ல. பழைய வீட்டுல, ஐப்பசி மழையில சுவரு ஊறினா ஒழுக்கு இருக்கத்தான் செய்யும். அதுக்காக முழு வீட்டுக்கும் போட்டு, ட்ரிப் ஆகுதேன்னு பைபாஸ் பண்றதைவிட, சார்ஜிங் லைனுக்கு மட்டும் தனியா ஒண்ணு போடுங்க. ட்ரிப் ஆனாலும் வீடு இருட்டாகாது, பைபாஸ் பண்ற ஆசையும் வராது.

உயரமும் முக்கியம். 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் நம்ம கரையைக் கடந்தப்ப நடந்தது யாருக்கும் மறந்திருக்காது. அடுத்த ரெண்டு மூணு நாள்ல சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில வந்து பாகூர் பக்கம் ஊருக்குள்ள புகுந்துச்சு. வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணி. வண்டிக்கு வசதின்னு பிளக் பாயிண்டை முழங்கால் உயரத்துல வைக்காதீங்க. அன்னைக்குத் தண்ணி நின்ன கோடு சுவத்துல தெரியுதுல்ல, அதுக்கு நல்லா மேல வைங்க. முங்கின வண்டிய சர்வீஸ்ல காட்டாம சார்ஜ் போடவும் கூடாது.

இன்னொண்ணு, மோட்டார் கொட்டகையில கரண்டு இருக்கேன்னு அங்க வண்டிய சொருகாதீங்க. விவசாயத்துக்குக் குடுத்த இணைப்பை வேற வேலைக்குப் பயன்படுத்தினா மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126ன்படி ரெண்டு மடங்கு கட்டணம் போடலாம்.

இப்ப அரசாங்கத்துக்கிட்ட வருவோம். 2019லேருந்து 2024 வரைக்கும் ஃபேம் 2ன்னு வண்டிக்கு மானியம் குடுத்தாங்க. 2024 அக்டோபர்ல பி.எம். இ-டிரைவ் வந்துச்சு, 10,900 கோடி ரூபாய். அதுல 2,000 கோடி பொது சார்ஜிங் ஸ்டேஷனுக்கு. நல்லதுதான். ஆனா வண்டி தினம் சார்ஜ் ஆகுற வீட்டு எர்த்துக்கு ஒரு ரூபாய் ஒதுக்கினாங்களா? 2022 மார்ச் கடைசியில வேலூர்ல ராத்திரி வீட்டுல சார்ஜ் போட்ட ஸ்கூட்டர் தீப்பிடிச்சு, ஒரு அப்பாவும் 13 வயசுப் பொண்ணும் புகையில மூச்சுத்திணறி இறந்துபோனாங்க. அந்த வருஷம் அங்கங்க தீ விபத்து நடந்ததுக்கப்புறம் பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 விதியை இறுக்கி, 2022 டிசம்பர், 2023 மார்ச்னு ரெண்டு கட்டமா கொண்டுவந்தாங்க. வண்டி திருந்திச்சு. வீட்டுச் சுவத்துல இருக்கிற பிளக் பாயிண்டை யாரும் திரும்பிப் பாக்கல.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. மூணே மூணு.

1. புதுச்சேரியில காமராஜர் பேருல வீடு கட்டும் திட்டம் இருக்கு. இனி அரசாங்கப் பணத்துல எந்த வீடு எழும்பினாலும் ஒழுங்கான எர்த், ஒரு ஆர்.சி.சி.பி., வாசல் பக்கம் ஒரு 16 ஆம்பியர் பாயிண்ட் கட்டாயம்னு சேருங்க. கட்டும்போதே போட்டா செலவு கொஞ்சம், பிறகு சுவத்தை ஒடச்சா நிறைய.

2. மின்துறை வருஷத்துக்கு ஒரு நாள், கோடை முடியறதுக்குள்ள, ஊர் ஊரா எர்த் மீட்டரோட வரட்டும். டெஸ்டர்ல எர்த் தெரியாது, மீட்டர்லதான் தெரியும். கண் பரிசோதனை முகாம் நடத்துற ஊர்ல எர்த் பரிசோதனை முகாம் நடத்த முடியாதா?

3. ஹெல்மெட் இல்லாம வண்டி குடுக்கக்கூடாதுங்கற மாதிரி, வீட்டு பிளக் பாயிண்டை ஒரு லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் பாத்து எழுதிக் குடுத்த சீட்டு இல்லாம மின்சார வண்டி டெலிவரி குடுக்கக்கூடாது. காருக்கு சார்ஜர் மாட்ட கம்பெனி ஆள் வீட்டுக்கு வர்றார். ஸ்கூட்டர்காரர் பெரும்பாலும் சார்ஜரைப் பையில போட்டுக்கிட்டுத்தான் வீட்டுக்கு வர்றார்.

"கிராமத்து ஆளுக்கு இது கூடுதல் செலவு இல்லையா"ன்னு கேப்பீங்க. ஆமா, சில ஆயிரம் ஆகும். ஒரு லட்சத்துக்கு மேல குடுத்து வண்டி வாங்குறவருக்கு ரெண்டு மாச பெட்ரோல் மிச்சத்துல வந்துடும். அவருக்கு அதை யாரும் சொல்லலங்கறதுதான் என் வருத்தம். ஷோரூம்ல கலர் எத்தனைன்னு சொல்வாங்க, எர்த் இருக்கான்னு கேக்க மாட்டாங்க.

தெரிஞ்சு வெச்சுக்க ஒரு நல்ல சேதியும் உண்டு. 2024 பிப்ரவரியில திருத்தின நுகர்வோர் உரிமை விதிப்படி, மின்சார வண்டி சார்ஜ் பண்ண தனி இணைப்பு கேட்டு வாங்கலாம். கிராமத்துல புது இணைப்பு குடுக்க 15 நாள்தான் கெடு (மலைப்பகுதிக்கு மட்டும் 30). கரண்டு ஆபீஸ்ல "அப்படியெல்லாம் இல்லை"ன்னு சொன்னா இந்த விதியைச் சொல்லிக் கேளுங்க.

ஊர்ல அம்மா அப்பா இருக்கிற நண்பர்களே, அடுத்த தடவை போகும்போது மெயின் போர்டைத் திறந்து, 'டி'ன்னு எழுதின சின்ன பட்டன் இருக்கான்னு பாருங்க. இருந்தா மாசம் ஒரு தடவை அமுக்கணும், சட்டுனு கட் ஆகணும். பட்டனே இல்லைன்னா, வண்டிக்கு முன்னாடி அதை வாங்குங்க. உங்க ஊர்ல நிலைமை எப்படின்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: கணக்கெல்லாம் புரிஞ்சுக்கறதுக்குத்தான். போர்டுல கை வைக்கிற வேலைய ஒயர்மேன்கிட்ட விட்டுடுங்க. நீங்க பக்கத்துல நின்னு "எர்த் எத்தனை ஓம்ணே?"ன்னு கேட்டாலே பாதி வேலை ஒழுங்கா நடக்கும் :)